முழங்காலுக்குள் என்னென்ன இருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதெல்லாம் எங்கேதான் இருக்கு?" என்று குழம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். முழங்கால் வலி என்று மொத்தமாகச் சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. எந்த இடம், எந்த அசைவில், எப்போதிலிருந்து என்று பிரித்துச் சொன்னால்தான் உள்ளே எந்தப் பாகம் என்று யோசிக்கவே முடியும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, வேட்டியையோ பேன்டையோ தொடைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு படியுங்கள். பாதி விஷயத்தை விரலாலேயே தொட்டுப் பார்த்துவிடலாம்.

முழங்காலில் எத்தனை எலும்பு?

மூன்று. மேலிருந்து வரும் தொடை எலும்பு, கீழே டிபியா என்கிற தடித்த கீழ்க்கால் எலும்பு, முன்னால் முட்டிச்சில்லு. டிபியாவுக்குப் பக்கத்தில் வெளிப்புறமாக ஃபிபுலா என்று ஓர் ஒல்லி எலும்பு ஓடுகிறது. ஆனால் அது முழங்கால் மூட்டுக்குள் வருவதில்லை, சற்றுக் கீழேயே டிபியாவோடு சேர்ந்து நின்றுவிடுகிறது.

வெளியிலிருந்து பார்க்க ஒரே மூட்டு, உள்ளே மூன்று அறைகள்: உட்பக்கம் (அதாவது அடுத்த காலைப் பார்த்த பக்கம்), வெளிப்பக்கம், சில்லுக்குப் பின்பக்கம். நிற்கும்போதும் நடக்கும்போதும் எடையில் பாதிக்கு மேல் உட்பக்க அறைதான் வாங்குகிறது. நம் ஊரில் வயதானவர்களுக்குத் தேய்மானம் முதலில் உட்பக்கம் வந்து, கால் மெல்ல மெல்ல வில்லாக வளைவது இதனால்தான்.

எதையெல்லாம் விரலால் தொட்டுப் பார்க்கலாம்?

சில்லின் கீழ் நுனியிலிருந்து விரலை நேராகக் கீழே இறக்குங்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கெட்டியாக ஒரு பட்டை தட்டுப்படும், அது சில்லுத் தசைநாண். அது போய் முடிகிற இடத்தில் டிபியாவின் முன்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும். இனி மறுபடி மேலே வாருங்கள். பட்டைக்கு இரண்டு பக்கமும் மெத்தென்று ஒரு பள்ளம் இருக்கிறதா? அதற்கு அடியில் இருப்பது கொழுப்புத் திண்டு. அதைப் பற்றி அப்புறம் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பள்ளத்திலிருந்து விரலைப் பக்கவாட்டில் பின்னோக்கி நகர்த்தினால், மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே ஒரு கோடு உணரத் தெரியும். மூட்டுக்கோடு என்பது அதுதான், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் கிடக்கிற மெனிஸ்கஸ் இருப்பதும் அந்த மட்டத்தில்தான். டாக்டர் உங்கள் முட்டியின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே போவது இந்தக் கோட்டைப் பிடித்துத்தான்.

வெளிப்பக்கம், மூட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே உருண்டையாக நிற்பது ஃபிபுலாவின் தலை. இப்போது அந்தக் காலின் கணுக்காலைத் தூக்கி அடுத்த முழங்காலின் மேல் போட்டு உட்காருங்கள். ஃபிபுலா தலையிலிருந்து மேல்நோக்கி, பென்சில் கனத்தில், விறைப்பாக ஒரு நாண் எழும்பி நிற்கும். அது வெளிப்பக்க லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நார். உடம்பில் இவ்வளவு தெளிவாகத் தோலுக்கு மேலிருந்தே பிடித்துப் பார்க்க முடிகிற லிகமென்ட் அதிகம் கிடையாது, ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முழங்கால் மடக்கி நீட்டுவதைத் தவிர வேறு என்ன செய்கிறது?

நிறைய. மடங்கும்போது தொடை எலும்பு டிபியாவின் மேல் உருள்கிறது, கூடவே வழுக்குகிறது, கொஞ்சம் திரும்பவும் செய்கிறது. காலை முழுசாக நீட்டும் கடைசி 20, 30 டிகிரியில் டிபியா வெளிப்பக்கமாக லேசாகத் திரும்பி மூட்டை இறுக்கிக்கொள்கிறது. பஸ்ஸுக்காக அரை மணி நேரம் நின்றாலும் தொடைத் தசை துவண்டுபோகாமல் இருப்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். நடக்க ஆரம்பிக்கும்போது பூட்டைத் திறந்துவிடுவது முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பாப்லிடியஸ் என்கிற சின்னத் தசை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இடுப்பு மூட்டில் பந்து குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது, எலும்பே எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. முழங்காலில் அந்த வசதி இல்லை. மேலே இரண்டு உருண்ட முனைகள், கீழே கிட்டத்தட்டத் தட்டையான பரப்பு, அவ்வளவுதான். லிகமென்ட், மெனிஸ்கஸ், தசை ஆகிய மூன்றும்தான் இதைச் சேர்த்து நிறுத்துகின்றன. முழங்கால் பிரச்சினை என்றதும் எலும்பைப் பற்றியே யோசிக்கிறோம், எக்ஸ்-ரே எடுக்க ஓடுகிறோம். பெரும்பாலான தொந்தரவு எக்ஸ்-ரேயில் தெரியாத பாகங்களில்தான் இருக்கிறது.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார்கள். எந்த ஜவ்வு?

இதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பேச்சில் நாம் லிகமென்டையும் ஜவ்வு என்கிறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம், சிலர் குருத்தெலும்பையும் அப்படியே சொல்கிறார்கள். மூன்றும் வேறு வேறு பொருள், வேறு வேறு வேலை, மருத்துவமும் வேறு. லிகமென்ட் எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நார். மெனிஸ்கஸ் இரண்டு எலும்புக்கும் நடுவே கிடக்கிற மெத்தை. குருத்தெலும்பு எலும்பின் முனையிலேயே பூசினாற்போல் ஒட்டியிருக்கும் வழவழப்பான உறை. தசைநாண் என்பது நான்காவது, அது தசையை எலும்போடு இணைப்பது. ரிப்போர்ட்டில் எது எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டார் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனே இல்லை.

ஏ.சி.எல். எங்கே இருக்கிறது?

ஏ.சி.எல். என்பது முன் குறுக்கு லிகமென்ட். இருப்பது மூட்டின் நட்டநடுவே. டிபியாவின் முன்பகுதியில் கிளம்பி, மேலே, பின்னே, வெளிப்பக்கமாகச் சாய்ந்து போய்த் தொடை எலும்பின் வெளிமுனையில் உள்சுவரில் ஒட்டுகிறது. பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டால் விரல்கள் எந்தச் சாய்வில் இறங்குகின்றனவோ, ஏறத்தாழ அதே சாய்வு. நீளம் 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கனம் சுண்டுவிரல் அளவு. இத்தனூண்டு நார்தான் டிபியா முன்னால் நழுவாமலும், திடீரென்று திரும்பும்போது முட்டி கழன்றுகொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது.

அதற்குக் குறுக்கே பின்னால் போவது பி.சி.எல்., அதாவது பின் குறுக்கு லிகமென்ட். இது இன்னும் தடிமன், இன்னும் வலு, அதனால் அவ்வளவு சுலபமாக அறுவதில்லை. கார் மோதும்போது மடங்கிய முட்டி டேஷ்போர்டில் இடிப்பதும், பைக்கிலிருந்து மடக்கிய முழங்காலோடு தரையில் விழுவதும் இதை அறுக்கிற வழக்கமான விபத்துகள்.

யாரும் இடிக்காமலேயே ஏ.சி.எல். அறுகிறதே, எப்படி?

பெரும்பாலும் அப்படித்தான் அறுகிறது. கால் தரையில் ஊன்றி நிற்கும்போது உடம்பு மட்டும் திரும்பினால் போதும். கபடியில் ரைடர் திரும்பி நடுக்கோட்டுக்குத் தாவும்போது ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறார்: பாதம் அங்கேயே, உடம்பு இங்கே, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். வாலிபாலில் ஸ்மாஷ் அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதும், ஃபுட்பாலில் ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாற்றும்போதும் இதே கதைதான். பெண் விளையாட்டு வீராங்கனைகளுக்கு ஒரே விளையாட்டில் ஆண்களைவிட இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். இடுப்பு அகலம், தரையிறங்கும் முறை, தொடைத் தசைகளின் சமநிலை என்று பல காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

"டப்"பென்று ஒரு சத்தம், உடனே ஆட முடியாமல் போவது, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பலூனாக வீங்குவது: மூன்றும் சேர்ந்து வந்தால் ஏ.சி.எல். என்றே முதலில் சந்தேகப்படுவார்கள். இவ்வளவு வேகமாக வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மெனிஸ்கஸ் கிழிந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். டாக்டர் முட்டியை 20, 30 டிகிரி மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். இது லாக்மன் பரிசோதனை. பழகிய கைக்கு இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அறுந்த லிகமென்ட் தானாக ஒட்டிக்கொள்ளாதா?

எந்த லிகமென்ட் என்பதைப் பொறுத்தது. உட்பக்க லிகமென்ட் மூட்டுக்கு வெளியே, ரத்த ஓட்டமுள்ள திசுக்களுக்கு நடுவே இருக்கிறது, தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. அது தனியாகக் கிழிந்தால் பெரும்பாலும் பிரேஸும் உடற்பயிற்சியுமே போதும். ஏ.சி.எல். மூட்டுக்கு நடுவே கிடப்பதால், அறுந்த முனைகளுக்கு இடையே ரத்தம் உறைந்து பாலம் போட வாய்ப்பு குறைவு, மூட்டுத் திரவம் அதைக் கரைத்துக்கொண்டேயிருக்கும். அதனால்தான் முழுசாக அறுந்த ஏ.சி.எல்.லைத் தைப்பதைவிட வேறு நாண் எடுத்துப் புதிதாக வைப்பது வழக்கம். தொடையின் பின்பக்கத் தசைகளில் ஒன்றிரண்டின் நாணையோ, சில்லுத் தசைநாணின் நடு மூன்றில் ஒரு பங்கையோ உங்கள் காலிலிருந்தே எடுப்பார்கள்.

ஆனால் ஏ.சி.எல். அறுந்த எல்லோருக்கும் ஆபரேஷன் கட்டாயம் என்றில்லை. திரும்பித் திரும்பி ஆடும் விளையாட்டு எதுவும் வேண்டாம், முட்டி நழுவுவதும் இல்லை என்றால், தசையை வலுவாக்கியே பலர் நன்றாக இருக்கிறார்கள். இதை வயதையும் வேலையையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது.

மெனிஸ்கஸ் என்ன செய்கிறது?

தட்டையான டிபியாவின் மேல் உருண்ட தொடை எலும்பு ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தினால் குருத்தெலும்பு சீக்கிரம் போய்விடும். அந்த அழுத்தத்தைப் பரவலாக்கத்தான் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு மெனிஸ்கஸ்கள். உட்பக்கத்தது "C" வடிவம், வெளிப்பக்கத்தது ஏறக்குறைய முழு வட்டம். வெளி ஓரம் தடிப்பு, உள் ஓரம் மெலிவு. உட்பக்கத்தது அங்கிருக்கும் லிகமென்டோடு ஒட்டியிருப்பதால் அதிகம் நகர முடியாது, அதனால் அதுதான் அதிகம் கிழிகிறது.

ரத்த ஓட்டம் வெளி ஓரத்தில் மட்டும்தான். அங்கே கிழிந்தால் தைத்தால் ஆறும். உள் ஓரத்தில் கிழிந்தால் ஆறுவது கடினம். கிழிந்த துண்டு மடங்கிப்போய் மூட்டு நடுவே சிக்கினால் கால் நீட்ட முடியாமல் மாட்டிக்கொள்ளும். அப்படி நிஜமாகவே பூட்டிக்கொண்டால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

இதைத் தைக்க முதலில் முயன்றவர் எடின்பரோவின் தாமஸ் அனன்டேல், 1883இல். ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் மெனிஸ்கஸ் ஒரு தேவையில்லாத மிச்சம் என்று நினைத்து முழுசாகவே எடுத்துப் போட்டார்கள். அப்படி எடுத்த முழங்கால்கள் எக்ஸ்-ரேயில் எப்படி மாறுகின்றன என்று 1948இல் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் எழுதினார். அந்த வழக்கம் அதன்பிறகும் உடனே மாறிவிடவில்லை. இப்போது கூடியவரை தைக்கிறார்கள், முடியாவிட்டால் கிழிந்த துண்டை மட்டும் எடுக்கிறார்கள்.

எனக்கு 58 வயது. எம்.ஆர்.ஐ.யில் மெனிஸ்கஸ் கிழிசல் என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவையா?

கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையிலான பொதுமக்களைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், 2008இல் முடிவு வெளியானது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் வலியோ இறுக்கமோ இல்லவே இல்லை. அதாவது ஸ்கேனில் தெரிகிற கிழிசலும் உங்கள் வலியும் ஒன்றுதான் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம் 2013இல் ஃபின்லாந்தில் 146 பேரைப் பிரித்து, பாதிப்பேருக்குக் கிழிந்த துண்டை எடுத்தார்கள், மீதிப்பேருக்கு ஆபரேஷன் செய்ததுபோல் பாவனை மட்டும் செய்தார்கள்; ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வயதோடு வந்த கிழிசல் என்றால் முதலில் சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்துபார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பேன். 20 வயதில் விளையாடும்போது கிழிந்தது என்றால் கணக்கு வேறு.

முட்டிச்சில்லு எதற்கு இருக்கிறது?

தொடைத் தசையின் நாணுக்குள்ளேயே வளர்ந்த எலும்பு அது, அந்த வகை எலும்புகளில் உடம்பிலேயே பெரியது. நாணை மூட்டிலிருந்து சற்று முன்னால் தள்ளி வைப்பதால், தசை குறைந்த பலத்தில் காலை நீட்ட முடிகிறது. 1930களில் இதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று வாதிட்ட அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள். எடுத்தவர்களுக்குக் கால் நீட்டும் பலம் நன்றாகவே குறைந்தது. பிறக்கும்போது இது வெறும் குருத்தெலும்பு, மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. கைக்குழந்தைக்கு முட்டி எக்ஸ்-ரே எடுத்துவிட்டு "சில்லே காணோம்" என்று பதற வேண்டாம்.

சில்லு இடம் விலகினால் வெளிப்பக்கமாகத்தான் போகும், தொடைத் தசை இழுக்கிற கோணம் அப்படி. அதைத் தடுக்கத்தான் தொடை எலும்பின் வெளிவிளிம்பு உயரமாக இருக்கிறது, உட்பக்கத்திலிருந்து ஒரு லிகமென்ட் பிடித்து இழுத்துக்கொண்டும் இருக்கிறது.

படி ஏறும்போதைவிட இறங்கும்போது ஏன் அதிகம் வலிக்கிறது?

சமதரையில் நடக்கும்போது சில்லின் பின்பக்கம் விழும் அழுத்தம் உடல் எடையைவிடக் குறைவு. படிக்கட்டில் அது எடையைப்போல் மூன்று மடங்குக்கு அருகில் போகிறது, முழுசாகக் குத்தவைத்து உட்கார்ந்தால் ஏழு மடங்கு வரை. இறங்கும்போது ஒற்றைக் காலின் தொடைத் தசை உடம்பின் மொத்த எடையையும் பிரேக் பிடித்தபடியே மெதுவாக இறக்குகிறது. சில்லுக்குப் பின்னால் தொந்தரவு இருந்தால் அது அங்கேதான் கத்தும். சினிமா தியேட்டரில் மூன்று மணி நேரம் மடக்கியே உட்கார்ந்து எழும்போது வரும் வலியும் இதே இடத்துச் சமாச்சாரம்தான்.

எடையைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்மானம் உள்ள, எடை கூடிய பெரியவர்களை வைத்து 2005இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ சுமை குறைவதாகக் கணக்கிட்டார்கள். ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தேய்மானம் என்றால் தேய்வது எது? அதனால்தான் வலிக்கிறதா?

தேய்வது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. கறிக்கடையில் ஆட்டின் தொடைக்கறி வெட்டும்போது எலும்பின் முனையில் நீலம் கலந்த வெள்ளையாகப் பளபளக்குமே, அதுதான். (ஆட்டின் முன்னங்காலில் முட்டி என்று நாம் நினைப்பது அதன் மணிக்கட்டு. நிஜமான முழங்கால் பின்னங்காலில், வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது.) நமக்கு அது பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம், சில்லின் பின்பக்கம் இன்னும் தடிப்பு. அதற்கு ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விரிவதில்தான் மூட்டுத் திரவத்திலிருந்து சத்து ஏறுகிறது. வலிக்கிறது என்று மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பது அதைப் பட்டினி போடுவதுதான்.

நரம்பே இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? இதைத் தன் முட்டியிலேயே சோதித்துப் பார்த்தார் ஒரு டாக்டர். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஸ்காட் டை என்ற எலும்பு மூட்டு நிபுணர், மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து போடாமல், தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, கருவியை உள்ளே விட்டு ஒவ்வொரு பாகமாகக் குத்தச் சொல்லி, எது எவ்வளவு வலிக்கிறது என்று விழித்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். 1998இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பைக் குத்தியபோது ஒன்றும் தெரியவில்லை, அதுவும் அது ஏற்கெனவே கொஞ்சம் சிதைந்திருந்த குருத்தெலும்பு. உயிர் போகிற வலி வந்தது முன்பக்கத்து உள்சவ்விலும் (மூட்டை உள்ளிருந்து மூடியிருக்கும் சவ்வு) கொழுப்புத் திண்டிலும்தான். ஆரம்பத்தில் சில்லுத் தசைநாணுக்கு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தோமே, அந்தத் திண்டு.

ஆக, தேய்மானத்தில் வலிப்பது குருத்தெலும்பு இல்லை. அழற்சியடைந்த உள்சவ்வு, கொழுப்புத் திண்டு, குருத்தெலும்பு போனபின் நேரடியாக அடி வாங்கும் எலும்பு, இவைதான் வலிக்கின்றன. எக்ஸ்-ரேயில் மோசமாக இருப்பவர் மலையேறுவதும், லேசாக இருப்பவர் படுத்துக்கிடப்பதும் இதனால்தான்.

எக்ஸ்-ரேயை நின்றுகொண்டு எடுக்கச் சொல்கிறார்களே, ஏன்?

எக்ஸ்-ரேயில் குருத்தெலும்பு தெரியாது, இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். படுத்திருந்தால் எடை இறங்காததால் இடைவெளி அகலமாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

முட்டியில் நீர் கோர்த்திருக்கிறது என்கிறார்கள். ஊசியால் எடுத்தால் மறுபடி ஊறும் என்பது உண்மையா?

நல்ல முழங்காலிலும் திரவம் உண்டு, சில மில்லிலிட்டர் மட்டும். வழவழப்பாக, வெளிர்மஞ்சளாக இருக்கும். மூட்டின் உள்சவ்வு அதைச் சுரந்துகொண்டும் உறிஞ்சிக்கொண்டும் இருக்கிறது. உள்ளே ஏதாவது உறுத்தினால் சவ்வு அளவுக்கு மீறிச் சுரக்கும். சில்லுக்கு மேலே நான்கு விரல் அளவுக்கு மூட்டின் பை நீண்டிருப்பதால் வீக்கம் முதலில் அங்கேதான் தெரியும். மறுபடி ஊறுவதற்குக் காரணம் ஊசி இல்லை, உறுத்தல் இன்னும் போகவில்லை என்பதுதான். ஆனால் முட்டி வீங்கி, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் குருத்தெலும்பைத் தின்றுவிடும்.

சில்லுக்கு முன்னால், தோலுக்கு அடியில் மட்டும் வீங்கியிருந்தால் அது மூட்டுக்குள் இருக்கும் நீர் இல்லை. பர்சா என்று சின்னச் சின்ன நீர்ப்பைகள் முழங்காலைச் சுற்றிப் பத்துக்கு மேல் இருக்கின்றன, அதில் ஒன்று வீங்கியிருக்கிறது. டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்கும், மண்டிபோட்டுத் தரை துடைக்கிறவர்களுக்கும் வருவது. முட்டிக்குப் பின்னால் மெத்தென்று கட்டி இருந்தால் அது பெரும்பாலும் பேக்கர் கட்டி, 1877இல் அதை விவரித்த லண்டன் மருத்துவர் மாரன்ட் பேக்கரின் பெயர். கட்டி பின்னால் இருந்தாலும் காரணம் மூட்டுக்குள் இருக்கும், அங்கிருந்து பிதுங்கிய திரவம்தான் அது. அது உடைந்து கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால், ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம் என்பதால் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

மடக்கும்போது சொடக்குச் சத்தம் வருகிறது. தேய்கிறதா?

வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள். திரவத்தில் வாயுக்குமிழி உருவாவதும், நாண்கள் எலும்பு மேட்டைத் தாண்டுவதுமே போதும் சத்தம் வர.

தரையில் உட்காரக் கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்களே?

நடக்க 60, 70 டிகிரி மடங்கினால் போதும், நாற்காலியிலிருந்து எழ 90க்குமேல், குத்தவைத்து உட்கார 130க்கும் மேல். ஏற்கெனவே தேய்ந்த முட்டிக்கு அந்தக் கடைசிக் கோணங்கள் கஷ்டம்தான், அதனால் சொல்கிறார்கள். பெய்ஜிங்கில் முதியவர்களைப் பார்த்த ஓர் ஆய்விலும் (2004), இளவயதில் தினமும் மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்குத் தேய்மானம் அதிகம் இருந்தது. ஆனால் நன்றாக இருக்கும் முட்டியோடு பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதற்கும், நாள் முழுக்க வயலில் குனிந்து குத்தவைத்துக் களை எடுப்பதற்கும் நிறைய தூரம். முதலாவதை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. சிரமமில்லாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா என்பதே தொடைத் தசைக்கு ஒரு பரீட்சை.

குழந்தைக்குக் கால் வளைந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

இரண்டு வயதுவரை வில்லாக வளைந்திருப்பது இயல்பு. அப்புறம் மூன்று, நான்கு வயதில் முட்டியும் முட்டியும் இடிக்கும், ஏழு வயதுவாக்கில் நேராகிவிடும். ஒரு கால் மட்டும் வளைவது, நாளாக நாளாகக் கூடுவது, வளர்ச்சி குறைவது என்றால் காட்டுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அது எலும்பில் படிந்து கால்களை வளைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே அந்த எலும்பு மேடு வீங்கி வலித்தால், வளரும் எலும்பைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. 1903இல் பாஸ்டனில் ஆஸ்குட், ஜூரிக்கில் ஷ்லாட்டர் என இருவர் தனித்தனியே எழுதியதால் இரண்டு பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. வளர்ச்சி நின்றதும் அடங்கிவிடும், மேடு மட்டும் மிச்சமிருக்கும்.

முழங்காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

காலுக்குப் போகும் முக்கிய ரத்தக்குழாயும் பெரிய நரம்பும். ரத்தக்குழாய் எலும்பை ஒட்டியே, மேலும் கீழும் கட்டிப்போட்டதுபோல் நகர இடமில்லாமல் இருக்கிறது. விபத்தில் முழங்கால் மூட்டே இடம் விலகினால் (சில்லு விலகுவது வேறு, இது வேறு) லிகமென்டைவிட இதைப் பற்றித்தான் முதல் கவலை: பாதத்தில் நாடி தெரிகிறதா, சூடு இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும், மணிக்கணக்கில் தாமதித்தால் காலே போய்விடும். ரிஷப் பண்டுக்கு 2022 டிசம்பர் கார் விபத்தில் வலது முழங்கால் அப்படித்தான் இடம் விலகி லிகமென்ட்கள் அறுந்தன, 2024 மார்ச்சில்தான் ஐ.பி.எல்.லுக்குத் திரும்ப முடிந்தது.

அந்தப் பெரிய நரம்பின் ஒரு கிளை ஃபிபுலா தலைக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே சுற்றி முன்னால் வருகிறது. மாவுக்கட்டோ நாட்டுக்கட்டோ அங்கே இறுகினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். கட்டுப் போட்டபின் விரல்கள் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ "கட்டு இறுக்கமாத்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

எந்தத் தசையை வலுவாக்க வேண்டும்?

முன்தொடையின் நான்கு தலைத் தசைதான் முதலில். முட்டியில் நீர் கோர்த்தாலே இந்தத் தசை தானாக அணைந்துபோகும், சில வாரத்தில் தொடை இளைத்துவிடும். இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தால் தெரியும். அடுத்தது பின்தொடைத் தசைகள். அவை டிபியாவைப் பின்னுக்கு இழுப்பதால் ஏ.சி.எல்.லுக்குத் துணை. இடுப்புத் தசைகளை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவை பலவீனமாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி உட்பக்கம் சாய்கிறது, முட்டிக்கு மட்டும் பயிற்சி செய்து பயனில்லை.

2013இல் முழங்காலில் புது லிகமென்ட் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. பெல்ஜியத்தின் லூவென் நகரத்து அறுவை மருத்துவர்கள் முன்-வெளிப்பக்க லிகமென்ட் ஒன்றைத் தெளிவாக விவரித்து எழுதினார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அந்த இடத்தில் முத்துப்போல் ஒரு நார் இருக்கிறது என்று பாரிஸின் பால் செகோன் 1879இலேயே குறிப்பிட்டிருந்தார். அது டிபியாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் சிறு எலும்புத் துணுக்குக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தத் துணுக்கு எக்ஸ்-ரேயில் தெரிந்தால் ஏ.சி.எல்.லும் அறுந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

என் எக்ஸ்-ரேயில் முட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன எலும்பு தனியாகத் தெரிகிறது. உடைந்த துண்டா?

பெரும்பாலும் இல்லை. கெண்டைக்கால் தசையின் வெளித்தலைக்குள் வளரும் ஃபாபெல்லா என்கிற குட்டி எலும்பாக இருக்கும், சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. வேடிக்கை என்னவென்றால் இது பெருகிக்கொண்டே வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் பழைய, புதிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், 1918இல் 11 சதவீதம் பேருக்கு இருந்தது 2018இல் 39 சதவீதமாகியிருக்கிறது. ஊட்டச்சத்து கூடியதால் உயரமும் எடையும் கூடி, தசை அதிகம் இழுப்பதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். தொந்தரவு கொடுக்காதவரை அதைச் சும்மா விட்டுவிடலாம். வெளிப்பக்கம் பின்னால், காலை முழுசாக நீட்டும்போது மட்டும் குத்துகிற மாதிரி வலித்தால் டாக்டரிடம் ஃபாபெல்லாவைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள், மெனிஸ்கஸ் என்று தவறாக நினைத்துக்கொள்ள வாய்ப்புள்ள இடம் அது.